எண்பத்தோராம் பக்கம்

பேரையூர்,
9-1-1937

அச்சகத்தாருக்கு,

நீங்கள் அனுப்பிய முதல் பாரத்தின் ப்ரூஃப் நேற்று பஸ்ஸில் வந்து சேர்ந்தது. பாரம் பதினாறு பக்கம். எண்ணிப் பார்த்தேன், நூற்றுப் பதினேழு பிழை. நான் எழுதியிருப்பது தமிழ்ப் பெண்குழந்தைகள் ஆங்கில வாக்கியம் அமைக்கப் பழகுவதற்கான புத்தகம். அதில் ஒன்பதாம் பக்கத்தில் பசு பள்ளிக்கூடத்துக்குப் போகிறது, பையன் புல் தின்கிறான். பதினோராம் பக்கத்தில் ஒரு வரியையே காணோம். அதை யார் தின்றார் என்று தெரியவில்லை.

கோர்த்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஆங்கிலம் தெரியாது என்பது நிச்சயம். தெரிந்த கம்போசிட்டர் ஒருவரிடம் இந்த வேலையைக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். திருத்திய தாள்கள் இத்துடன் இருக்கின்றன. சிவப்பு மசி தீர்ந்துபோனதால் கடைசி நாலு பக்கத்தை நீல மசியில் திருத்தியிருக்கிறேன்.

பத்மாசினி,
உதவி ஆசிரியை, பெண்கள் பள்ளி


மதுரை,
17-1-1937

டீச்சரம்மா அவர்களுக்கு,

முதலாளி நாகசுப்பிரமணியன் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு என் பக்கம் தள்ளினார். "உன்னையத்தான் கேக்குறாங்க. நீயே பதில் எழுது" என்றார். அதனால் எழுதுகிறேன். என் பெயர் நல்லகாமன், ஊர் கீழக்குயில்குடி. ஒன்பது வருஷமாக இந்த அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கிறேன்.

இங்கிலீஷ் தெரிந்த கம்போசிட்டர் கேட்டிருக்கிறீர்கள். இங்கே நானும் ஆண்டிச்சாமி அண்ணனும்தான். இரண்டு பேருக்கும் தெரியாது. இருபத்தாறு எழுத்தும் தெரியும். கேஸ் என்கிற மரப்பெட்டியில் எந்த அறையில் எந்த எழுத்துக் கிடக்கிறது என்று கைக்குத் தெரியும். உங்கள் தாளில் ஓர் எழுத்தைப் பார்ப்பேன், அதன் அறையிலிருந்து ஈய எழுத்தை எடுப்பேன், ஸ்டிக் என்கிற கைச்சட்டத்தில் தலைகீழாக வைப்பேன். அது என்ன சொல்கிறது என்று தெரியாது. கல்யாணப் பத்திரிகை, கோர்ட்டு நோட்டீஸ், டாக்கி விளம்பரம் எல்லாம் இப்படித்தான் கோர்த்தேன். யாரும் சண்டைக்கு வந்ததில்லை.

உங்கள் கையெழுத்திலும் கொஞ்சம் குற்றம் உண்டு. கோபிக்கக் கூடாது. உங்கள் 'என்'னும் 'யு'வும் இரட்டைப் பிள்ளைகள். பெற்றவளுக்கு அடையாளம் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்?

பிழை எல்லாவற்றையும் திருத்திவிட்டேன். ஒரு சந்தேகம் மட்டும். ஆறாம் பக்கத்தில் தமிழில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். வாக்கியம் எழுத்தாலும் ஆனதல்ல, தனித்தனிச் சொல்லாலும் ஆனதல்ல, சொற்கூட்டங்களால் ஆனது என்று. நான் இத்தனை வருஷமும் எழுத்தால் ஆனது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? இரண்டு நாளாக அந்த வரி மனசில் கிடந்து புரள்கிறது. நேரமிருந்தால் எழுதவும். இல்லாவிட்டால் ப்ரூஃபை மட்டும் அனுப்பவும்.

கடிதம் எழுதிப் பழக்கமில்லாத
நல்லகாமன்


பேரையூர்,
25-1-1937

நல்லகாமன் அவர்களுக்கு,

இரண்டாம் பாரத்தில் பிழை இருபத்திரண்டுதான். என் 'யு'வுக்கு இனி மேலே ஒரு கோடு போடுகிறேன்.

பாடம் நடத்த எனக்கு இங்கே பதினோரு பெண்கள் போதும். இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். தமிழில் ஒவ்வொரு சொல்லும் தன் வேலையைத் தன்னோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. 'பெண் பசுவைப் பார்த்தாள்' என்றாலும் 'பசுவைப் பெண் பார்த்தாள்' என்றாலும் பார்த்தது பெண்தான். ஆங்கிலத்தில் அந்த ஒட்டு கிடையாது. உட்கார்ந்திருக்கும் இடம்தான் சொல்லும். வினைக்கு முன்னால் உட்கார்ந்தால் செய்கிறவர். இடம் மாறினால் பசு பெண்ணைப் பார்க்க ஆரம்பித்துவிடும். ஒன்பதாம் பக்கத்தில் நீங்கள் செய்தது அதுதான்.

அடுத்தது கூட்டம். 'பித்தளைக் குடத்தோடு வந்த அந்தச் சின்னப் பெண்' என்கிறோம். சொல் எத்தனை இருந்தாலும் ஆள் ஒருத்தி, உட்காரவும் ஓர் இடம்தான். சொற்கள் தனியாக வருவதில்லை. மூன்று நாலு பேராகக் கூடி, ஒருவராக எண்ணப்பட்டு உட்காருகின்றன. அந்தக் கூட்டம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுகொண்டால், எவ்வளவு நீண்ட வாக்கியமும் நாலைந்து துண்டுதான். என் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், புத்தகத்தில் ஆங்கிலம். மூன்றுக்கும் நடுவில் வளர்ந்ததால் ஒன்று தெரிந்துகொண்டேன். எல்லா வீட்டிலும் அதே பாத்திரங்கள்தான், அடுக்கும் இடம்தான் வேறு.

பிழைக்கு நான் ஏன் இவ்வளவு பதறுகிறேன் என்று நீங்கள் நினைக்கலாம். ஏப்ரல் முதல் வாரம் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் பள்ளியைப் பார்க்க வருகிறார். இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஆங்கிலம் எதற்கு என்று கல்வி இலாகாவில் கேட்கிறார்களாம். அவர்களுக்கு ஏற்ற புத்தகமும் கிடையாதே என்கிறார்களாம். அச்சான புத்தகத்தை அவர் கையில் கொடுத்தால் வகுப்பு நீடிக்கும். இல்லாவிட்டால் ஜூன் மாதம் மூடிவிடுவார்கள். வகுப்பு போனால் என் வேலையும் போகும். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நானாகத் தேடிக்கொண்டது இந்த ஒன்றுதான். மதுரையில் மஹால் பக்கத்துச் சந்தில் என் அண்ணா துளசிராம் எனக்காக ஓர் அறையை ஒழித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார். நல்லவர். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது.

பத்மாசினி


மதுரை,
8-2-1937

டீச்சரம்மா அவர்களுக்கு,

மூன்றாம் பாரம் அனுப்பியிருக்கிறேன். பிழை பத்துக்குள் இருந்தால் ஆண்டிச்சாமி அண்ணன் எனக்குக் காப்பி வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். எண்ணிக்கையைத் தவறாமல் எழுதவும்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து நான் நானாக இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் காகிதக் கட்டுகளின்மேல் கொஞ்சம் சாய்வது என் வழக்கம். அப்படிச் சாய்ந்தபோது ஒரு கனவு. இங்கிலீஷ் சொற்கள் எல்லாம் வைகை மணலில் போய்க்கொண்டிருக்கின்றன, சித்திரைத் திருவிழாவுக்குப் போகிற சனம் மாதிரி. தனியாக ஒன்றுகூட இல்லை. குடும்பம் குடும்பமாகக் கையைப் பிடித்துக்கொண்டு போகின்றன. மூன்றெழுத்தில் 'த' என்று ஒரு பொடி இங்கிலீஷ் சொல் இருக்கிறதே, அது எல்லாக் குடும்பத்துக்கும் முன்னால் ஓடுகிறது, ஆனால் தனியாக ஓர் அடி வைக்கத் தெரியவில்லை. ஈயத்தின் கனமே இல்லாமல், மணலில் தடமே பதியாமல் அத்தனையும் போகின்றன. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். விழித்தபோது கன்னத்தில் கட்டுக் கயிறு பதிந்திருந்தது.

சாயங்காலம் ஊருக்கு நடந்து போகும்போது வழியில் யார் என்ன பேசினாலும் மனசுக்குள் துண்டு போட்டுப் பார்க்கிறேன். வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரி சோலையம்மாளிடம் "வெயில் தாழ, நான், சந்தைக்குப் போறேன்" என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பிறகு "நான், வெயில் தாழ, சந்தைக்குப் போறேன்" என்றேன். "அந்தப் போறதை விட்டுட்டு மத்ததை எல்லாம் மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டே நில்லுங்க. சந்தை கலைஞ்சு போயிரும்" என்றாள்.

கடைசியாக ஒன்று. சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நாற்பத்தோராம் பக்கம், மூன்றாவது உதாரணம். அடியில் நீங்கள் போட்டிருக்கும் தமிழ் அர்த்தத்தை வைத்துப் பார்த்தால், அதில் ஒரு கிழவி இருக்கிறாள். ஒரு சின்ன வீடும் இருக்கிறது. அவள் என்ன செய்தாள் என்று இல்லை. நான் எதையும் சேர்க்கவில்லை. இடம் மட்டும் விட்டு வைத்திருக்கிறேன். தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

நல்லகாமன்


பேரையூர்,
18-2-1937

நல்லகாமன் அவர்களுக்கு,

பிழை ஏழு. காப்பி குடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நாற்பத்தோராம் பக்கத்தைப் பார்த்தேன். முதலில் கோபம் வந்தது, பிறகு வெட்கம், பிறகு தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தக் கிழவி அந்த வீட்டில் என்ன செய்தாள் என்று சொல்ல மறந்தே போயிருக்கிறேன். அவள் வாழ்ந்தாள். அந்தச் சொல்லைத் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன், சேர்த்துவிடுங்கள்.

ஒரு வாரமாகக் குளிர்காய்ச்சல். கண்ணை மூடினால் நீங்கள் சொன்ன மணல் தெரிகிறது. உங்கள் கனவு எனக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கடைசிப் பாரத்துக்கான கைப்பிரதியைப் பாயில் படுத்தபடியே எழுதி இத்துடன் அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருக்கும். ப்ரூஃப் வந்து போக எட்டு நாள் ஆகிறது. அவ்வளவு நாள் இல்லை. அதனால் மீதிப் பாரங்கள் எதற்கும் ப்ரூஃப் வேண்டாம். ஏதாவது தவறாகத் தெரிந்தால் நீங்களே திருத்தி அச்சுக்கு விட்டுவிடுங்கள். நான் இதுவரை யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை.

பத்மாசினி


மதுரை,
12-3-1937

டீச்சரம்மா அவர்களுக்கு,

உடம்பு தேறியிருக்கும் என்று நம்புகிறேன். புத்தகம் முடிந்தது! ஐந்நூறு பிரதி, பைண்டிங் ஆகி அடுக்கியிருக்கிறது. நீல அட்டை. இருபத்தைந்து பிரதிகளைப் பஸ் கண்டக்டர் காளையிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். மீதி இங்கே இருக்கிறது. கட்டும்போது ஒன்றைத் திறந்து முகர்ந்து பார்த்தேன். ஒன்பது வருஷத்தில் நான் முகர்ந்து பார்த்த முதல் புத்தகம் இது.

ஒரு சந்தோஷமான விஷயம். கடைசிப் பாரத்தை எண்பத்தோராம் பக்கத்திலிருந்து நான் ஒருவனே கோர்த்தேன். உங்கள் கைப்பிரதியைப் பார்த்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது. காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்திருந்தால் இப்படி எழுதியிருப்பீர்கள்! அறுபது வாக்கியம், ஒன்றுகூட நேராக இல்லை. எல்லாம் கலைந்து கிடந்தன. செய்கிறவர் கடைசியில், செய்தது முதலில், ஒரு குடும்பத்துப் பிள்ளை இன்னொரு குடும்பத்து நடுவில். நீங்களே திருத்துங்கள் என்று சொல்லியிருந்தீர்களே. உட்கார்ந்தேன். யாரையும் கேட்கவில்லை. முதல் வாக்கியத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. இருபது தாண்டியதும் கை தானாகப் போனது. எழுத்தாகத் தெரியவில்லை, சொல்லாகக்கூடத் தெரியவில்லை, கூட்டம் கூட்டமாக எழுந்து வந்து இடத்தில் உட்கார்ந்தன. அறுபதையும் நேராக்கிவிட்டேன், டீச்சரம்மா. ஒன்பது வருஷம் இங்கிலீஷைக் கையில் பிடித்திருக்கிறேன், அந்த நாலு நாளில்தான் அது என்னோடு பேசியது.

இன்னொன்றும் செய்தேன். அதை இப்போது சொல்லத் தைரியமில்லை.

நல்லகாமன்


பேரையூர்,
16-3-1937

நல்லகாமன் அவர்களுக்கு,

எண்பதாம் பக்கத்தின் கடைசி வரியை நீங்கள் படித்ததுண்டா? தமிழில்தான் இருக்கிறது. 'பின்வரும் வாக்கியங்கள் கலைந்து கிடக்கின்றன. இவற்றைச் சரியான வரிசையில் எழுதுக' என்று இருக்கிறது. அவை பயிற்சிகள். நான் வேண்டுமென்றே கலைத்தேன். காய்ச்சலில் கலைக்கவில்லை. அறுபதையும் குழந்தைகள் தாங்களே கூட்டிச் சேர்க்கவேண்டும் என்பதற்காக, எந்தச் சொல்லை எங்கே தள்ளி வைத்தால் எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று யோசித்து யோசித்துக் கலைத்தேன்.

இப்போது எண்பதாம் பக்கம் 'வரிசைப்படுத்துக' என்கிறது. எண்பத்தோராம் பக்கம் வரிசையாக நிற்கிறது. இதை எடுத்துக்கொண்டு நான் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளின் முன்னால் போய் நிற்கவேண்டும். அவர் சிரிப்பார். பதினோரு பெண்களும் ஜூன் மாதம் வீட்டுக்குப் போவார்கள், நான் ஜன்னல் இல்லாத அறைக்குப் போவேன்.

நீங்கள் எழுத்துப் பொறுக்குகிற வேலையோடு நின்றிருக்கலாம். ஆசைப்பட்டது உங்கள் தவறு, இடம் கொடுத்தது என் தவறு. இனி எனக்கு எழுதவேண்டாம்.

பத்மாசினி


மதுரை,
20-3-1937

டீச்சரம்மா அவர்களுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

எண்பதாம் பக்கத்தைக் கோர்த்தது ஆண்டிச்சாமி அண்ணன். வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று கைப்பிரதியைப் பிரித்துக்கொண்டோம். அவர் எண்பதோடு முடித்தார், நான் எண்பத்தொன்றில் தொடங்கினேன். அந்த வரி என் கண்ணில் படவே இல்லை. அண்ணன் மேல் தப்புச் சொல்லவில்லை. இரண்டு பேர் சேர்ந்து கோர்க்கிற எல்லா வேலையும் இங்கே இப்படித்தான் நடக்கிறது. இதுவரை யாரும் படித்துப் பார்த்துக் கோர்க்காததால் கெடுதல் வந்ததில்லை. நான் படித்ததால் வந்தது.

நானே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அந்தப் பதினாறு பக்கத்தை மட்டும் திரும்ப அடிக்கலாமா என்று கேட்டேன். "மெஷின் பூரா திருவிழா நோட்டீஸ் ஏறி நிக்குது. சித்திரை முடியாம ஒரு தாள் உள்ள போகாது" என்றார். அது உண்மைதான். என்னைக் கோர்க்கிற வேலையிலிருந்து எடுத்துவிட்டார். இப்போது அடித்து முடிந்த பக்கங்களைக் கலைத்து, ஈய எழுத்துகளை அதனதன் அறையில் திரும்பப் போடுகிறேன். புதிதாகச் சேர்கிறவர்கள் செய்கிற வேலை.

நாள் முழுக்கக் கலைக்கிறேன். உங்கள் புத்தகத்தைத்தான் முதலில் கலைத்தேன். ஒரு வரியை அப்படியே கையில் எடுத்தால் சிந்திவிடும். அதனால் துண்டு துண்டாக எடுக்கவேண்டும். எங்கே பிரித்தால் கைக்குள் நிற்கும், எங்கே பிரித்தால் சரிந்துபோகும் என்று பார்த்துப் பார்த்து எடுத்தேன். சேர்த்தபோது தெரியாதது எல்லாம் பிரிக்கும்போது தெரிந்தது. இதை எழுதுவதில் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வேறு யாரிடம் சொல்வது என்று தெரியாததால் எழுதுகிறேன்.

பொறுக்குகிற வேலை என்று எழுதியிருந்தீர்கள். அது வலித்தது.

நல்லகாமன்


பேரையூர்,
31-3-1937

நல்லகாமன் அவர்களுக்கு,

கோபம் தீர்ந்து எழுதவில்லை. ஒரு செய்தி சொல்லவேண்டியிருக்கிறது.

உங்கள் கடிதத்தை ஐந்தாறு தடவை படித்தேன். பிரிக்கும்போது தெரிந்தது என்று எழுதியிருந்தீர்களே, அந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றேன். நேற்று மத்தியானம் தையல் வகுப்பிலிருந்து கத்தரிக்கோல்களை வாங்கிவந்து என் பெண்களிடம் கொடுத்தேன். "எண்பத்தோராம் பக்கத்திலிருந்து வெட்டுங்கள். ஒரு வாக்கியத்தை நாலு துண்டுக்குமேல் வெட்டக்கூடாது. எங்கே வெட்டுவது என்று நான் சொல்லமாட்டேன்" என்றேன்.

புத்தகத்தை வெட்டலாமா என்ற பயம் முதலில். பிறகு எங்கே வெட்டுவது என்ற பயம். ஒச்சம்மாள் என்று ஒரு பெண், வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். கத்தரிக்கோலை ஒரு சொல்லின்மேல் வைப்பாள், உதட்டை அசைத்துப் பார்ப்பாள், எடுத்து அடுத்ததன்மேல் வைப்பாள். பித்தளைக் குடத்தோடு என்று வருகிற 'வித் த பிராஸ் பாட்' என்பதை முழுசாக, ஒரே துண்டாக வெட்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கலைத்துக் கொடுத்திருந்தால் அவள் தனித்தனிச் சொல்லைத்தான் பார்த்திருப்பாள்.

அப்போது காற்று வந்தது. உங்களுக்குப் பேரையூர்க் காற்று தெரியாது. கரிசல் பொட்டலில் எங்கிருந்தோ கிளம்பி வரும். துண்டுகள் அத்தனையும் ஜன்னல் வழியாகப் பறந்துவிட்டன. பதினோரு பேரும் கத்திக்கொண்டு வெயிலில் ஓடினார்கள். தாவணி நிறைய ஆங்கிலத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தார்கள். நான் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

இன்ஸ்பெக்ஷன் ஆறாம் தேதி. இதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று தெரியவில்லை. வெட்டிய புத்தகத்தைக் காட்டுவது வெட்டாததைக் காட்டுவதைவிட மோசம்தான்.

பத்மாசினி


பேரையூர்,
27-4-1937

நல்லகாமன் அவர்களுக்கு,

இலாகாவின் உத்தரவு நேற்று வந்தது. அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

இன்ஸ்பெக்டிரஸ் அம்மாள் உட்கார்ந்ததும் ஒச்சம்மாளின் புத்தகத்தைத்தான் எடுத்தார். திறந்தால் கடைசிப் பக்கங்களில் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. "இந்தப் புத்தகத்தை நாசம் செய்தது யார்?" என்றார். நான் எழுந்தேன். அதற்குள் ஒச்சம்மாள் தன் சுருக்குப்பையை அவிழ்த்து மேஜையின்மேல் துண்டுகளைக் கொட்டிவிட்டாள். அதில் மூன்றை எடுத்து வரிசையாக வைத்தாள். 'த ஹில்', 'கம்ஸ் நியர்', 'ஆஃப்டர் த ரெயின்'. பிறகு கடைசித் துண்டைத் தூக்கி முதலில் வைத்தாள்.

"இது மட்டும் முன்னாடியும் உக்காரும், பின்னாடியும் உக்காரும்மா. இந்த ரெண்டும் அப்படி இல்ல. மாத்தி வச்சா கோவிச்சுக்கிரும்" என்றாள். 'ஆஃப்டர்' என்ற சொல்லை நகத்தால் தொட்டு, "இதை மட்டும் தனியா வெட்டப் போனேன். தனியா நிக்கமாட்டேங்குது. அதான் மூணையும் சேத்து வெட்டிட்டேன்" என்றாள்.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு துண்டைத் தன் விரலால் நகர்த்தினார். பிறகு இன்னொன்றை. அரைமணி நேரம் இரண்டு பேரும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் கொடுத்த காப்பி ஆறிப் போனது. புறப்படும்போது அந்த மூன்று துண்டையும் கேட்டு வாங்கி ஓர் உறையில் போட்டுக்கொண்டார்.

உத்தரவு இதுதான். புத்தகம் அங்கீகரிக்கப்படவில்லை. வெட்டிய புத்தகம் அடுத்த குழந்தைக்கு உதவாதாம். ஆனால் வகுப்பு மூன்று வருஷத்துக்கு நீடிக்கிறது, இதே ஆசிரியையோடு. அண்ணாவுக்குக் கடிதம் எழுதி, அந்த அறையில் தன் தறிக்கான பாவு நூலை அடுக்கிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். மீதிப் பிரதிகளை எல்லாம் அனுப்பிவையுங்கள். என் பெண்கள் வெட்டட்டும்.

இப்போது நான் ஒப்புக்கொள்ளவேண்டியது. அம்மாள் போகும்போது அந்த மலை வாக்கியத்தைச் சொல்லி, "இது அழகாக இருக்கிறது. எங்கே கிடைத்தது உங்களுக்கு?" என்று கேட்டார். நான் சிரித்து வைத்தேன். என் வாக்கியம் என்றுதான் நானும் நினைத்தேன். அறுபதில் ஒன்று, காய்ச்சலில் எழுதி மறந்திருப்பேன் என்று நினைத்தேன். நேற்று என் நகலை எடுத்து எண்ணினேன். நான் எழுதியது அறுபது. அச்சில் அறுபத்தொன்று இருக்கிறது. அது கடைசிப் பக்கத்தின் கடைசி வரி. மூன்று தடவை எண்ணினேன்.

அது யாருடையது? எனக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் நீங்கள் உங்கள் கையால் எழுதவேண்டும். எழுதினால் நான் இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளுக்குத் தெரியப்படுத்துவேன்.

உங்களை மறுபடி கோர்க்கிற வேலைக்கு எடுக்கும்படி முதலாளிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பொறுக்குகிற வேலை என்று சொன்னதற்கு வருந்துகிறேன். வேகமாக எழுதிவிட்டேன், மெதுவாக வருந்துகிறேன்.

பத்மாசினி


மதுரை,
6-5-1937

டீச்சரம்மா அவர்களுக்கு,

நானூற்று எழுபத்தைந்து பிரதியும் ஆறு கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறேன். கண்டக்டர் காளை "இம்புட்டும் ஒரே பள்ளிக்கூடத்துக்கா?" என்று கேட்டார். வெட்டுவதற்கு என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார். திங்கட்கிழமையிலிருந்து நான் மறுபடி கேஸுக்கு முன்னால் நிற்கிறேன். முதலாளியே ஸ்டிக்கை எடுத்து என் கையில் வைத்தார்.

அந்த வாக்கியம் நான் எழுதியது. கடைசிப் பக்கத்தில் அடியில் ஒரு வரிக்கு இடம் மிஞ்சியது. வெறுமையாக விட எங்களுக்குப் பிடிக்காது. வழக்கமாக ஒரு பூவையோ கோட்டையோ வைத்து அடைப்போம். அன்றைக்கு அறுபதையும் முடித்த மயக்கத்தில் இருந்தேன். கை பூவைத் தேடிப் போகவில்லை. உங்கள் புத்தகத்திலிருந்தே சொற்களை எடுத்து மூன்று கூட்டம் சேர்த்து வைத்துவிட்டேன். இன்னொருவர் புத்தகத்தில் நுழைந்தது திருட்டுத்தனம். எழுதவேண்டாம் என்று சொன்ன உங்கள் மார்ச் மாதக் கடிதத்தைப் பிரித்தபோது அதைத்தான் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று பயந்தேன். கோபம் அறுபதைப் பற்றித்தான் என்று தெரிந்ததும், அவ்வளவு வெட்கத்திலும் ஒரு நிம்மதி இருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன். இன்ஸ்பெக்டிரஸ் அம்மாளுக்கு எழுதுவதானால் ஊர்ப் பெயரையும் சேர்த்து எழுதவும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் ஊரில் நல்ல கோடை மழை. விட்டதும் வாசலில் வந்து நின்றேன். சமணர் மலை கழுவி வைத்தது போல இருந்தது. பாறையில் நீர் வழிகிற கோடுகூடத் தெரிந்தது. அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொன்னேன். அதுவரை அதைக் கையால்தான் சொல்லியிருக்கிறேன், சத்தமாகச் சொன்னதில்லை. ஒச்சம்மாள் செய்தது போலத் துண்டை மாற்றி இன்னொரு தடவையும் சொன்னேன். சோலையம்மாள் ஈரக் கையோடு வெளியே வந்து "என்ன சொல்றீக?" என்றாள். "மழை பெஞ்சா மலை பக்கத்துல வருதுன்னு சொல்றேன். இங்கிலீசுல" என்றேன்.

அவள் நிமிர்ந்து மலையைப் பார்த்தாள்.

"இதைச் சொல்ல இங்கிலீசு எதுக்கு? அதான் வந்து நிக்குதே" என்றாள்.

அவளுக்கு என்ன பதில் சொல்வது? உங்களுக்குத் தெரிந்தால் எழுதவும்.

நல்லகாமன்